விளிம்பில் சொன்ன பெயர்

அந்த மலையில் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் ஏறினோம். வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. படத்தில் பின்னால் ஏரி இருக்கிறது, ஏரிக்குள்ளே புகை விடும் ஒரு சின்ன எரிமலை இருக்கிறது, முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் சிவப்புக் குளிர்சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிறோம். அது மறுநாள் எடுத்தது. முதல் நாள் எடுத்திருந்தால் அதில் அவர் முதுகு மட்டும்தான் விழுந்திருக்கும்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மற்ற பெண்களுக்குச் சங்கிலி கிடைக்கும், வளையல் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு ஜோடி மலையேறும் சப்பாத்து. அவருக்கு மலைப் பைத்தியம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அது முற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பினாங்குக் கொடிமலைதான். பூங்கா வாசலில் கூட்டாளிகளோடு சேர்ந்துகொண்டு செங்குத்தான தார் ரோட்டில் ஏறிப் போய், உச்சியில் தேநீர் குடித்துவிட்டு, ஏதோ நாட்டைப் பிடித்துவிட்டு வந்த மாதிரி வீட்டுக்கு வருவார். அந்தக் கூட்டாளிகளில் ஒருவர்தான் இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருக்கும் ரிஞ்சானி மலையின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி வைத்தவர். எரிமலையின் வாய்க்குள்ளே ஒரு பெரிய ஏரி. அன்றிலிருந்து அவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பகுதி மேற்பார்வையாளர். தப்பு எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம். அந்தக் குணத்தை வேலை முடிந்ததும் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வர முடியவில்லை. இவருக்கோ ஏழு வருடமாக இனிப்புநீர். காலையில் ஒரு மாத்திரை, மதியம் ஒரு மாத்திரை. மாத்திரையைப் போட்டால் உடனே சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும். ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டில் அப்படித்தான் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து விபூதி பூசினார்கள். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் வாயில் மிட்டாயைத் திணித்தேன். அதிலிருந்து பேரீச்சம்பழமும் குளுக்கோஸ் மிட்டாயும் எப்போதும் என் பையில்தான் இருக்கும். அவர் பையில் வைத்தால் மறந்துவிடுவார்.

சண்டையும் அந்த நோயால்தான் வந்தது.

மூன்று நாள், இரண்டு இரவு கூடாரத்தில் என்பது திட்டம். முதல் நாள் காலையில் அடிவாரக் கிராமத்திலிருந்து புல்வெளியில் ஏறினோம். அவ்வளவு பெரிய புல்வெளியை நான் பார்த்ததில்லை. இடுப்பளவு மஞ்சள் புல், நடுவே ஒற்றையடிப் பாதை, ஆங்காங்கே ஆளில்லாமல் மேயும் மாடுகள். சுமை தூக்குகிறவர்கள் மூங்கில் கம்பின் இரண்டு முனையிலும் கூடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, ரப்பர் செருப்போடு எங்களைத் தாண்டி ஓடினார்கள். இவர் குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தார். மதியம் ஒரு கொட்டகையில் நிறுத்திச் சமைத்தார்கள். தட்டு நிறைய சோறு, முட்டை, பொரித்த சோயா டெம்பே. அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தட்டைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வழிகாட்டி, உடம்புக்கு யாருக்காவது ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் கேட்டான். முப்பது வயதிருக்கும், பொறுப்பான ஆள். எங்களோடு இன்னும் நான்கு பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் இளம் வயது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அல்லது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். "இவருக்கு இனிப்புநீர், வேகமாக நடக்க விடாதீர்கள், மயங்கி விழுந்துவிடுவார்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். ஒரு பெண் அவரைப் பார்த்து, "பாவம் அங்கிள்" என்றாள்.

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிச்சாச்சா? இப்ப சந்தோஷமா ஒனக்கு?"

"ஒங்க நல்லதுக்குத்தாங்க சொன்னேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? கொடிமலைய வாரா வாரம் ஏறுறவன் லா நானு. என்னைய போயி நோயாளின்னு சொல்ற."

"மொதல்ல சாப்பிடுங்க. மாத்திரை போட்டாச்சு."

"நீயே சாப்பிடு."

எழுந்து போய்விட்டார். எனக்கும் மூக்கின்மேல்தான் கோபம். பசித்தால் தானாக வந்து கேட்கட்டும் என்று என் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அவர் தட்டை சுமை தூக்குகிறவர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தப்பு எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே பார்க்கிறவள், அன்றைக்கு வீம்புக்காகப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அதன் பிறகுதான் கடுமையான ஏற்றம். எரிமலைப் புழுதி. இரண்டு அடி வைத்தால் ஓர் அடி சறுக்கும். அவர் முன்னால், நான் இருபது அடி பின்னால். மிட்டாய் என் முதுகில், மாத்திரை அவர் வயிற்றில். "ஏங்க, ரெண்டு பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பேச்சுவார்த்தை இல்லாத நேரத்தில் முதலில் யார் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றதாக எங்கள் வீட்டில் கணக்கு. மூன்று மணி நேரம் நானும் தோற்கவில்லை, அவரும் தோற்கவில்லை. ஏதோ ஒரு திருப்பத்தில் அவர் இளைஞர்கள் கொடுத்த பிஸ்கட்டை வாங்கிக் கடித்ததைப் பார்த்தேன். அது போதும் என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்கு மணி வாக்கில் விளிம்புக்கு வந்து சேர்ந்தோம். எரிமலையின் வாயைச் சுற்றியிருக்கும் குறுகலான மேட்டுக்கு அங்கே அந்தப் பெயர்தான். அதன்மேல் வரிசையாகக் கூடாரங்கள். இடப்பக்கம் நாங்கள் ஏறி வந்த சரிவு. வலப்பக்கம் ஒன்றுமில்லை, பள்ளம்தான். அதன் அடியில்தான் ஏரி இருக்கிறது என்றார்கள், ஆனால் மேகம் மூடியிருந்தது. வழிகாட்டி, கடைசிக் கூடாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள், அங்கே மண் இளகிக் கிடக்கிறது, ஓரம் பிட்டுக்கொண்டு விழும் என்று எச்சரித்துவிட்டு, ஊற்றில் தண்ணீர் பிடிக்கப் போனான்.

நான் கூடாரத்துக்குள் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துப் போயிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. வெளியே தலையை நீட்டினால் ஆளைக் காணவில்லை. அவர் பை கூடார வாசலில் கிடந்தது. குளிர்சட்டை அதற்குள் இருந்தது. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அவர் மோவாயால் கடைசிக் கூடாரத்தின் பக்கம் காட்டினார்.

சப்பாத்தின் கயிற்றைக்கூடக் கட்டாமல், மிட்டாய் இருந்த என் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். கடைசிக் கூடாரம் வந்தது. அதைத் தாண்டினேன். அப்போதுதான் பள்ளத்திலிருந்து பனி மேலே ஏறி வந்தது. மெல்ல வரும் என்று நினைத்திருந்தேன், அப்படி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், கூடாரங்கள் இல்லை. முன்னால் பார்த்தேன், பாதை நான்கு அடிக்கு மேல் இல்லை. காற்று வேறு ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

அப்போதும் நான் கூப்பிடவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கண்ணில் பட்டால் போதும், பையைக் காலடியில் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஓரத்தை விட்டு விலகி, இடப்பக்கமாகவே, ஒவ்வோர் அடியையும் அழுத்திப் பார்த்து நடந்தேன்.

பாதையில் அவர் கைத்தடி கிடந்தது.

அந்தத் தடியை அவர் கக்கூசுக்குப் போனால்கூட வாசலில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் போவார். அதைக் கீழே போட்டுவிட்டு, போட்டதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறார் என்றால், சர்க்கரை இறங்கிவிட்டது. கை நடுங்க, கால் பின்ன, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், ஒரு பக்கம் பள்ளம் இருக்கிற மேட்டின்மேல் என் புருஷன் நடந்துகொண்டிருக்கிறார். நான் சாப்பிட்டிருக்கிறேன். அவர் சாப்பிடவில்லை.

கூப்பிட்டேன் என்று சொல்வது சரியில்லை. அது தானாக வந்தது. அவர் பெயர்.

இருபத்தைந்து வருடத்தில் நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. இந்தக் காலத்தில் இதென்ன என்று கேட்பார்கள். என் மகளே கேட்டிருக்கிறாள். நிபோங் திபால் பக்கத்து எஸ்டேட்டில் என் அம்மா, புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார். நான் அதை நம்புகிறேனா என்றால், இல்லை. நம்பாவிட்டாலும் நாக்கு பழகிவிட்டது. கிளினிக்கில் பெயர் கேட்டால் அவர் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவேன். வீட்டில் "ஏங்க" அல்லது "இங்க பாருங்க". அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. அந்த மூடுபனியில் அது போதவில்லை. அடித்தொண்டையிலிருந்து, முழுப் பெயரையும் இழுத்து, அழுகிற குரலில் கூப்பிட்டேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பதில் இல்லை. ஆனால் முன்னால் எங்கோ சரளைக் கற்கள் சரசரத்தன. காலடிச் சத்தம்.

உயிர் வந்தது. மறுபடியும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காலடி விலகிப் போனது. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். காலடி வேகமெடுத்தது. ஒரு கல் உருண்டது. உருண்ட கல் எங்கேயும் போய் நின்ற சத்தம் கேட்கவில்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த மனுசனுக்குக் காது கேட்கிறது. கேட்டும் என்னை விட்டு விலகிப் போகிறார். ஒரு தட்டுச் சோற்றுக்காக, யாரோ ஒரு பெண் பாவம் என்று சொன்னதற்காக, இந்த இடத்தில், இந்தக் குளிரில். பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. நான் புழுதியில் பொத்தென்று உட்கார்ந்து, வீட்டில் எப்படிக் கத்துவேனோ அப்படியே கத்தினேன்.

"ஏங்க! எங்கதாங்க போயி தொலைஞ்சீங்க? இப்படி சாகடிக்கிறதுக்கா என்னைய ப்ளேன் ஏத்திக் கூட்டியாந்தீங்க? ஏங்க!"

"ஏன் இப்படி கத்துற?" என்று குரல் வந்தது. பக்கத்தில்தான். பதினைந்து அடிகூட இருக்காது. "இங்கதான... இருக்கேன்."

நாக்கு தடித்துப் போன பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு தெரியும்.

"அசையாதீங்க. அப்படியே கீழ ஒக்காருங்க."

"ஒக்காந்துட்டேன்."

எழுந்து நடக்கத் துணிவில்லை. ஐம்பத்தொரு வயதில் நான்கு காலில் தவழ்ந்தேன். முதலில் அவர் சப்பாத்து கையில் தட்டியது, அப்புறம் முழங்கால். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று ஆடியது. ஒரு கையால் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மிட்டாய் உறையைப் பல்லால் கிழித்து அவர் வாயில் வைத்தேன். இன்னொன்று. பிறகு பேரீச்சம்பழம். கொட்டையைக்கூட நானே எடுத்தேன். அவர் மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

நடுக்கம் குறைந்து வரும்போது, வந்த மாதிரியே பனி விலகியது. முதலில் அவர் முகம் தெரிந்தது. அப்புறம் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் மண். அதற்குப் பின்னால் தரையே இல்லை. வெகு கீழே ஏரி கிடந்தது, கருநீலமாக, அசையாமல். நடுவே சின்ன எரிமலை புகை விட்டுக்கொண்டிருந்தது. எதைப் பார்க்க வந்தோமோ அதை அப்படித்தான் முதலில் பார்த்தேன், அவர் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"மெதுவா எம் பக்கம் நகருங்க" என்றேன். நகர்ந்தார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ என்னைய கூப்பிட்டாங்க" என்றார். "எம் பேரச் சொல்லி. பொம்பளக் குரல். நீ கேட்டியா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"காட்டுல பேரச் சொல்லிக் கூப்பிட்டா பதில் குடுக்கக் கூடாது, திரும்பாம நடந்துரணும். அதான் நடந்தேன். அது கூப்பிடக் கூப்பிட நான் தள்ளிப் போனேன். நல்லவேளை, நீ கத்துனது கேட்டுச்சு. ஒன் சத்தம்னு தெரிஞ்சிச்சு, நின்னுட்டேன்."

கொடிமலை ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் அந்த விதி தெரியும். எனக்கும் தெரியும். மலாய்க்காரரும் சொல்வார்கள், சீனரும் சொல்வார்கள், நம்மவர்களும் சொல்வார்கள். மலைக்குப் போகாதவர்கள் சிரிப்பார்கள். அந்த விளிம்பில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை அந்த ஒரு முழம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது என் குரல். இன்னும் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அவர் பள்ளத்தில் இருந்திருப்பார். அம்மா சொன்ன ஆயுசுக் கணக்கு அன்றைக்கு ஒரு முழத்தில் தப்பியது.

"கேக்கல" என்றேன். "எழுந்திரிங்க, குளிருது."

வழிகாட்டி ஓடி வந்தான். அவரைத் தாங்கிக் கூட்டிப்போய்ச் சூடாக இனிப்புத் தேநீர் கொடுத்தான். அவர் குரல் கேட்ட கதையைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. அவன் சிரிக்கவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இங்கே அப்படித்தான்" என்று மட்டும் சொன்னான். அதோடு அவருக்கு அது உறுதியாகிவிட்டது.

மறுநாள் உச்சிக்குப் போகவில்லை. நேராக ஏரிக்கு இறங்கினோம். பாறைகளைப் பிடித்துப் பிடித்து இறங்க நான்கு மணி நேரம். கரையில் புல் தரையில் கூடாரம் போட்டார்கள். பக்கத்திலேயே வெந்நீர் ஊற்று. அவர் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு, நான் கொடுத்ததையெல்லாம் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அந்தச் சிவப்புச் சட்டைப் படம் அங்கேதான் எடுத்தது. நான் சிரிக்கிறேன், ஆனால் கையைப் பார்த்தால் அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்திருப்பது தெரியும். ஏரியைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் பயப்படுவாரோ என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பயம் எனக்கு. உங்களை நான்தான் அங்கே துரத்தினேன் என்று எப்படிச் சொல்வது?

பினாங்குக்குத் திரும்பிய பிறகு அது அவருடைய கதையாகிவிட்டது. கொடிமலைக் கூட்டாளிகளுக்குச் சொன்னார். கோயிலில் சொன்னார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சாப்பிடப் போனால், பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டு மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கெலுகோரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

"அப்பா, சுகர் எறங்குனா அப்படித்தான் ஏதாவது கேக்கும்" என்றாள். "இல்லன்னா அங்க யாராவது நெஜமாவே கூப்பிட்டிருப்பாங்க லா. அது மனுசக் குரல் இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

மற்றவர்களிடம் சொல்லும்போது இருந்த வேகம் அப்போது அவரிடம் இல்லை.

"அந்தக் குரல்ல அவ்ளோ ஆசை இருந்திச்சும்மா" என்றார். "எம் பேர அப்படி யாரும் கூப்பிட்டதே இல்ல. எங்கம்மாகூட இல்ல. அதான், இது மனுசக் குரல் இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி மறைக்க முடியாது.

"அது நான்தாங்க" என்றேன். "நான்தான் கூப்பிட்டேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார்.

"நீயா? ஒனக்கு எம் பேரே சொல்ல வராது லா. எங்க, ஒரு தடவ சொல்லு பாப்போம்."

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கொஞ்சம் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் ஏதோ ஒன்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் வாயைத் திறந்தேன். முதல் எழுத்து வரைக்கும் நாக்கு போனது. அதற்குமேல் எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"பாத்தியா?" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.